மறு: வைரப்போலியின் மேல் இருப்பது முலாமா, பூச்சா, படலமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை நகைக்கடை ஒன்றின் விளக்கத்தாளைத் தமிழாக்கும் நண்பர், வைரம்போலத் தோன்றும் கல்லின் (வைரப்போலியின்) மேல் இடப்படும் 'கோட்டிங்' என்பதற்கு 'வைர முலாம்' என்ற சொல்லை முன்மொழிந்திருந்தார். செவிக்கு இனிய சொல்தான். ஆயினும் ஏற்கத் தயங்குகிறேன். முலாம் என்றதும் பித்தளை வளையலைப் பொன்னாகக் காட்டும் உலோகப் போர்வை நினைவுக்கு வருகிறது. அது அடியில் உள்ளதை மறைப்பது. இங்கே ஒளி கல்லுக்குள் நுழைந்து, பின்பக்கப் பட்டைகளில் பட்டுத் திரும்பி வந்தாக வேண்டும். 'பூச்சு' என்றாலோ சுவரும் நகமும்தான் கண்முன் நிற்கின்றன.

பொருளைப் பார்த்தால் சொல் தானே அமையும் என்பது என் எண்ணம். கடைக்காரர்கள் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று சொல்லும் கனசதுர சிர்கோனியாவின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) ஏறத்தாழ 2.16, வைரத்துக்கு 2.42. நேராக விழும் ஒளியில் வைரத்தின் மேற்பரப்பு சுமார் 17 விழுக்காட்டைத் திருப்பி அனுப்ப, சிர்கோனியா 13 அல்லது 14 விழுக்காட்டோடு நின்றுவிடுகிறது. சிர்கோனியாவைவிட ஒளிவிலகல் எண் கூடிய பொருளை, வெற்றிடக் கலத்தில் ஆவியாகவோ அயனிகளாகவோ தக்க தடிமனில் படியவைத்தால், மேற்பரப்பின் பளபளப்பு கூடும். தடிமனை மாற்றினால், மழைநீரில் மிதக்கும் எண்ணெய்போல ஒளி அலைகள் குறுக்கிட்டு வானவில் நிறங்களும் தோன்றும். வைரநிகர்க் கரிமத்தை (வைரம்போலக் கடினமான கரிமப் படிவு, diamond-like carbon) ஏற்றினால் பட்டை விளிம்புகள் தேய்வதும் குறையலாம். ஆனால் அடியிலுள்ள கல்லின் ஒளிவிலகல் எண்ணோ எடையோ மாறுவதில்லை. 'வைர முலாம்' என்றால் வாங்குபவர் வைரமே மேலே இருப்பதாக எண்ணிவிடுவார். வைரநிகர்க் கரிமமோ வைரத்தின் ஒழுங்கான படிக அடுக்கு இல்லாத வேறொரு பொருள்.

ஆகவே 'படலம்' பொருந்தும்: மெல்லியது, ஒளியை விடுவது, உராய்ந்தால் விளிம்பிலிருந்து உரியக்கூடியது. செயலுக்குப் 'படலமூட்டல்' என்று ஓர் அம்மையார் எழுதியிருந்தார். நான் 'படலமேற்றல்' என்பேன். ஊட்டுவது உள்ளே செல்லும், ஏற்றுவது மேலே நிற்கும். நீலக்கல்லைச் சூடாக்கி டைட்டானியத்தை உள்ளே ஊடுருவச் செய்யும் முறைக்கு ஊட்டலை ஒதுக்கி வைத்தால், இரண்டும் குழம்பா. பழைய கெம்பு நகைகளில் கல்லுக்கு அடியில் வைக்கும் தகடு தனி. அதைத் 'தகடு வைத்தல்' என்றே விட்டுவிடலாம்.

'வைரப்போலி' இழிவாக ஒலிக்கிறது என்ற குறைக்கும் ஒரு சொல். அறம் 'அறன்' ஆவதை இலக்கணம் கடைப்போலி என்கிறது. அதில் ஏமாற்று ஏதுமில்லை, ஒன்றின் இடத்தில் இன்னொன்று நிற்கிறது, அவ்வளவே. 'செயற்கை வைரம்' என்பதை மட்டும் இதற்கு வழங்கக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பதும் வைரமே.

விளக்கத்தாளுக்கு என் பரிந்துரை: 'படலமேற்றிய சிர்கோனியா வைரப்போலி'. விலைச்சீட்டில் இடம் போதாதென்றால் 'படலமேற்றிய சிர்கோனியா' மட்டும் போதும். 'வைர' என்ற முன்னொட்டுத் தனியே நிற்க வேண்டாம்.