ஐடிட்டராட் நாய்வண்டிப் பந்தயம்: வண்டியோட்டிகளை ஆண்டுதோறும் இழுத்து வருவது எது?

நெடுவழி (கேள்வி)

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்து ஆங்கரேஜில் தொடங்கி, மலைத்தொடரைத் தாண்டி, உறைந்த யூகான் ஆற்றின் மேல் ஓடி, பேரிங் கடலோரத்து நோம் நகரில் முடியும் ஐடிட்டராட் என்னும் பனிச்சறுக்கு நாய்வண்டிப் பந்தயத்தைச் சில ஆண்டுகளாக இணையவழியே கவனித்து வருகிறேன். தொலைவு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். முன்னணியில் இருப்பவர்களுக்கே எட்டு முதல் பத்து நாட்கள் ஆகின்றன. 2022 முதல் 2025 வரை முதற்பரிசு ஐம்பதாயிரம் டாலரைச் சற்றே தாண்டியது. பெரிய நாய்க்கூட்டத்துக்கு ஆண்டு முழுவதும் தீனியும் மருத்துவமும் பார்க்கிறவருக்கு அது எந்த மூலைக்கு? பணத்துக்காக அல்லவென்றால், இந்த வண்டியோட்டிகள் எதற்காகத் திரும்பத் திரும்ப வருகிறார்கள்? நாய்கள் உண்மையிலேயே விரும்பித்தான் ஓடுகின்றனவா, அல்லது அது மனிதர் சொல்லிக்கொள்ளும் சமாதானமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பனிக்குறிப்பு

பந்தய நாட்களை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. பிறந்த குட்டியைக் கையில் ஏந்தி வளர்த்து, எது முன்னே நின்று வழிகாட்டும், எது வண்டியை ஒட்டிப் பின்வரிசையில் பாரம் தாங்கும் என்று கண்டறிந்து, இலையுதிர்காலத்தில் பனி விழுவதற்கு முன்பே நான்குசக்கர மோட்டார் வண்டியை இழுக்கவைத்துப் பழக்கி, குளிர்காலம் முழுவதும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடவிட்ட பின்னர்தான் மார்ச் மாதத் தொடக்கத்தில் அவர்கள் பந்தயத்துக்கு வருகிறார்கள். வண்டியில் கடிவாளமோ வாரோ கிடையாது. 'ஜீ' என்றால் வலம், 'ஹா' என்றால் இடம். குரல் ஒன்றுதான் கருவி. புயலில் பாதை மறைந்துவிட்டால் முன்னோடி நாயின் மோப்பத்தை நம்புவதா, தன் கண்ணை நம்புவதா என்று ஓட்டுபவர்தான் முடிவுசெய்தாக வேண்டும். இந்த நம்பிக்கைதான் அவர்களுக்குப் போதையாகிவிடுகிறது என்பது என் கருத்து.

ஒரு நிறுத்தத்தை அடைந்ததும் நடப்பதைக் கவனியுங்கள். ஓட்டுபவர் முதலில் நாய்களின் காலுறைகளைக் கழற்றி, வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து, அடுப்பு மூட்டிப் பனியை உருக்கி, இறைச்சியும் கொழுப்பும் கலந்த கூழைப் பரிமாறி, ஒவ்வொரு பாதத்தையும் தடவிப் பார்த்துக் களிம்பு பூசுவார். அதற்கு மேல் நேரம் மிஞ்சினால்தான் தனக்குச் சோறும் ஓரிரு மணி நேரத் தூக்கமும். தூக்கமின்மையால் இல்லாத மரங்களையும் மனிதர்களையும் பாதையில் கண்டதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

கால்நடைமருத்துவம்

நாய்களைப் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். இவற்றில் பெரும்பாலானவை நாம் படங்களில் காணும் நீலக்கண் சைபீரிய நாய்கள் அல்ல. வேட்டைநாய் இரத்தமும் கலந்த, ஓட்டத்துக்கென்றே தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்ட அலாஸ்கா ஹஸ்கிகள். எடை இருபது, இருபத்தைந்து கிலோதான். பந்தய நாளில் ஒவ்வொன்றும் சுமார் 10,000 கலோரி உண்கிறது. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டேவிஸும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து கண்டது வியப்பானது: முதல் ஓரிரு நாட்களில் உடலில் தெரியும் களைப்பின் அறிகுறிகள், ஓட்டம் தொடரும்போதே குறைந்து, இயல்பு நிலையை நெருங்கிவிடுகின்றன. மனித ஓட்டக்காரர்களிடம் இதைப் பார்க்க முடியாது.

வண்டியில் பூட்டப்படும் நேரத்தில் அவை ஓலமிட்டுத் துள்ளுவதால், நங்கூரம் போன்ற இரும்புக் கொக்கியைப் பனியில் ஊன்றித்தான் வண்டியைப் பிடித்துவைக்க வேண்டியிருக்கிறது. ஓடப் பிடிக்காத நாயைக் கயிற்றில் கட்டி 1,600 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போக எவராலும் இயலாது. ஆனால் ஓட விரும்புகிறது என்பதும், எவ்வளவு ஓடலாம் என்பதை அதுவே அறியும் என்பதும் ஒன்றல்ல. அதனால்தான் கட்டாய ஓய்வு வைத்திருக்கிறார்கள்: ஒருமுறை 24 மணி நேரம், யூகான் ஆற்றுப் பகுதியில் 8 மணி நேரம், முடிவுக்கு முன்னால் ஒயிட் மவுண்டன் என்னும் ஊரில் மீண்டும் 8 மணி நேரம். தளர்ந்த நாயை நிறுத்தத்தில் மருத்துவரிடம் விட்டுச் செல்லலாம். அதற்கு மாற்றாக வேறு நாயைச் சேர்க்க முடியாது.

நெடுவழி

மிக்க நன்றி. பெண்களும் ஆண்களும் ஒரே பிரிவில்தான் ஓடுகிறார்களா?

பனிக்குறிப்பு

ஆம், தனிப்பிரிவு கிடையாது. 1985ஆம் ஆண்டில், ஷாக்டூலிக் ஊரில் மற்றவர்கள் பனிப்புயலுக்கு அஞ்சிக் காத்திருந்தபோது, லிபி ரிடில்ஸ் தன் நாய்களோடு உறைந்த நார்ட்டன் கடற்பகுதியில் இறங்கி, இரவை அந்தக் கடற்பனியின் மேலேயே வண்டிக்குள் கழித்து, நோமுக்கு முதலில் வந்து சேர்ந்தார். பந்தயத்தை வென்ற முதல் பெண் அவரே. அடுத்து வந்த சூசன் புட்சர் 1986, 1987, 1988, 1990 என நான்குமுறை வென்றார்.

நீங்கள் கேட்ட 'எதற்காக' என்பதற்கு லான்ஸ் மேக்கியின் வாழ்க்கையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய தந்தை டிக் மேக்கி 1978இல் ஒரே ஒரு நொடி வித்தியாசத்தில் வென்றவர். லான்ஸுக்கு 2001இல் தொண்டைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மறு ஆண்டே, வயிற்றில் உணவு செலுத்தும் குழாய் பொருத்தியபடி பந்தயத்தில் கலந்துகொண்டு பாதியில் விலகினார். பிறகு 2007 முதல் 2010 வரை தொடர்ந்து நான்குமுறை வென்றார். 2007இல் யூகான் குவெஸ்ட் என்னும் மற்றொரு நெடும்பந்தயத்தையும் அதே குளிர்காலத்தில் வென்றிருந்தார். இத்தனை வெற்றிக்குப் பின்னும் அவர் செல்வந்தராகிவிடவில்லை. 2022இல் காலமானார்.

மாற்றுப்பார்வை

மேலே உள்ளவை மெய்யாக இருக்கலாம்; ஆயினும் ஒருபக்கமாக இருக்கின்றன. 2024 பந்தயத்தில் மூன்று நாய்கள் இறந்ததை எவரும் குறிப்பிடவில்லை. நாய்களைத் தனித்தனிக் குடிலருகே சங்கிலியில் கட்டி வளர்ப்பது குறித்தும் விலங்குநல அமைப்புகள் நெடுங்காலமாகக் கேள்வி எழுப்பிவருகின்றன; அலாஸ்கா ஏர்லைன்ஸ், எக்ஸான்மொபில் போன்ற நிறுவனங்கள் ஆதரவை விலக்கிக்கொண்டன. அன்பு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அன்புக்கு நாய் கொடுக்கும் விலையை நாயிடம் கேட்டு எவரும் முடிவுசெய்யவில்லை.

கால்நடைமருத்துவம்

இந்தக் கேள்வி நியாயமானது. இதை மழுப்பக் கூடாது. பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு நாய்க்கும் இரத்தப் பரிசோதனையும் இதயத்துடிப்புப் பதிவும் செய்யப்படுகின்றன. இறக்கும் நாய்க்கு உடற்கூறாய்வு செய்யப்படுகிறது. இவ்வளவு செய்தும் சாவு நேர்கிறது என்பதுதான் உண்மை. என் கணிப்பில், ஓட்டத்தைவிடச் சங்கிலி வளர்ப்புதான் பெரிய சிக்கல். ஏனெனில் நாயின் வாழ்நாளில் பந்தயம் சில நாட்களே, மிச்ச நாட்கள் அந்தக் குடிலருகில்தான். நல்ல வளர்ப்பாளருக்கும் மோசமான வளர்ப்பாளருக்கும் இடையிலான வேறுபாட்டை அங்கே போய்ப் பார்த்தால்தான் அறியலாம். தொலைக்காட்சியில் காட்டப்படும் முடிவுக்கோட்டில் அது தெரியாது.

பனிக்குறிப்பு

மருத்துவர் சொன்னதை ஏற்கிறேன். நெடுவழி அவர்களுக்கு ஒன்று: அடுத்த முறை வெற்றியாளரோடு நிறுத்திவிடாமல், கடைசியாக வருபவரையும் பின்தொடருங்கள். வென்றவர் வந்து பல நாட்கள் கழித்து அவர் வருவார். அவருக்குச் சிவப்பு விளக்கு விருது உண்டு. பாதையில் கடைசி வண்டி இருக்கும்வரை நோம் நகரில் ஒரு விளக்கை அணைக்காமல் வைத்திருப்பார்கள். பரிசை எண்ணி வந்தவர் அந்த இடத்தில் எப்போதோ விலகியிருப்பார்.