தோட்டத்துப் பேரிடர் ஆயத்தக் கண்காட்சி: உங்கள் மனதில் நின்றது எது?

கொடிப்பந்தல்:
இரண்டு வாளிக் கழிப்பறையை மறந்திருக்க மாட்டீர்கள். அவரைப் பந்தலுக்குப் பின்னால் வைத்திருந்தார்களே, அதுதான். சிறுநீருக்கு ஒன்று, மலத்துக்கு ஒன்று, பக்கத்தில் மரத்தூள் மூட்டை. இளைஞர்கள் சிரித்தபடி படம் எடுத்தார்கள். ஊன்றுகோலோடு வந்த ஒரு பாட்டி மட்டும் வாளியின் விளிம்பை அழுத்திப் பார்த்துவிட்டு, "இதில் உட்கார்ந்தால் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பது?" என்று கேட்டார். விளக்கிக்கொண்டிருந்த பெண் தக்காளிப் பாத்தியைக் காட்டத் தொடங்கிவிட்டார். இன்றுவரை உறுத்துகிறது.

மண்வெட்டி:
அந்தப் பெண்ணை விடுங்கள், அவர் தன்னார்வலர். பலகையைத் தூக்கினால் அடுப்பாகும் பெஞ்ச் இருந்ததே, அதைப் பார்த்தீர்களா? ஜப்பானியப் பூங்காக்களில் இருக்கும் வகை. செய்து காட்டுகிறேன் என்று வந்தவரால் திருகாணியை அசைக்கவே முடியவில்லை, அத்தனை துரு. நால்வர் மாறி மாறி முயன்றோம். 1995இல் ஜப்பானின் கோபே நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே எடுத்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். நம் அக்கம்பக்கத்தில் ஒருவரிடமும் ஸ்பேனர் இல்லை!

மழைத்துளி:
துரு போகட்டும். மழைநீர்த் தொட்டிக் குழாயில் ஒரு சிறுவன் வாய் வைத்துக் குடித்தான், யாரும் தடுக்கவில்லை. கூரையிலிருந்து வடியும் நீரில் பறவை எச்சமும் தூசியும் சேரும். அது செடிக்கும் கழுவுவதற்கும்தான். குடிக்க வேறு வழியே இல்லையென்றால் துணியில் வடிகட்டி, நன்றாகக் கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். கூரைப் பூச்சிலிருந்து இறங்கும் ரசாயனம் கொதித்தாலும் போகாது. அதனால் வீட்டிலேயே நல்ல குடிநீரை ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் குறைந்தது 3 நாளுக்குச் சேமியுங்கள். மூடியில் தேதி எழுதுங்கள். மருந்துச் சீட்டின் நகலை நெகிழி உறையில் போடுங்கள். டார்ச்சைக் கட்டிலருகே வையுங்கள். பாட்டிக்கு, நடுவில் துளையிட்ட கைப்பிடி நாற்காலியின் அடியில் வாளியை வைத்தால் போதும், இதைக்கூடவா யோசிக்கவில்லை?

மண்வெட்டி:
மழைத்துளி, அனுபவத்தைக் கேட்டார்கள், பாடத்தை அல்ல.

வேலியோரம்:
எனக்கு வரைபடப் பலகைதான். உதவி தேவைப்படுவோர் வீட்டில் சிவப்பு ஊசி குத்தச் சொன்னார்கள். ஓர் அம்மா தாமாகவே தம் வீட்டில் குத்தினார். பின்னாலேயே வந்த மகன் அதைப் பிடுங்கி, "தனியாக இருக்கிறீர்கள் என்று ஊருக்கே விளம்பரமா, அம்மா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. திருடனும் அந்தப் பலகையைப் பார்ப்பான். மகன் நகர்ந்ததும் அந்த அம்மா என்னிடம் இன்னொரு ஊசி கேட்டார். கொடுத்துவிட்டேன். கொடுத்தது சரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.