பாலியில் தம்பி கல்யாணம்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். தை மாதம் தம்பிக்கு இந்தோனேசியாவின் பாலித் தீவில் கல்யாணம். பெரியவர்கள், குழந்தைகள் என்று ஒரு கூட்டமே கிளம்புகிறோம். பாஸ்போர்ட் எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறது. விசா அங்கே இறங்கியதும் வாங்கிக்கொள்ளலாம், சரி.

கவலையெல்லாம் நகைதான். அம்மாவின் காசுமாலை பாட்டி காலத்தது, ரசீதே கிடையாது. திரும்பும்போது வரி கேட்காமல் இருக்க, கிளம்பும்போதே சென்னை விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிடுவது நல்லது. ரசீது இல்லாத நகைக்கு மதிப்பீட்டுச் சீட்டை வேலூரிலேயே வாங்கியவர்கள் உண்டா? விமான நிலையத்துக்கு எவ்வளவு முன்னதாகப் போனீர்கள்? அம்மா அந்த மாலையைப் போடாமல் மணமேடை ஏறமாட்டார், அதனால் விட்டுவிட்டுப் போக மனசில்லை.

அப்புறம் பூஜைச் சாமான். கற்பூரம், தீப்பெட்டி விமானத்தில் கூடாது. பாலிக்காரர்கள் தினமும் பூவும் தென்னங்குருத்தும் வைத்துக் கும்பிடுகிறவர்கள், அவை அங்கேயே கிடைக்கும். ஆனால் நம் ஊர்போல நெருக்கமாகத் தொடுத்த மாலை, மாற்றிக்கொள்ளும் அளவுக்குக் கனமாக, அங்கே கட்டித்தருவார்களா?

ஆற்காடு மக்கன் பேடாவைப் பாகு சிந்தாமல் பெட்டியில் கொண்டுபோன அக்காமார்கள், எப்படிக் கட்டினீர்கள் என்றும் சொல்லுங்கள்.