மறு: மறு: பிரேம் பில்டருக்குத் தமிழ்ல என்ன? (மவுண்டன் பைக் கட்டுரைக்காக)

> கஸ்டம் பிரேம் பில்டர் = தனிப்பயன் சட்டக உருவாக்குநர். கஸ்டமுக்கு "தனிப்பயன்" கணினிப் பக்கம் ஏற்கனவே நிலைச்சுடுச்சு, அதையே வச்சுக்கலாம்.

ஐயா வணக்கம். ரெண்டு நாளா படிச்சுட்டு பேசாமதான் இருந்தேன், "தனிப்பயன்" வந்ததும் முடியல. செட்டிங்ஸ் மாத்துறதுக்கு அந்த வார்த்தை இருந்துட்டு போகட்டும். இரும்புக் குழாய அறுத்து அரம் போட்டு ராவி பொருத்தி நெருப்பு காட்டுற ஆளுக்கு அத ஒட்டினா, அவரு ஏதோ மெனுல ஒரு பட்டன தட்டிட்டு போன மாதிரி இருக்கு.

முதல்ல நாம யாரப் பத்தி பேசுறோம்னு பாத்துக்குவோம், வார்த்தை அங்கேருந்துதான வரணும். 1970கள்ல அமெரிக்காவுல கலிபோர்னியா, மரின் கவுண்டி, தமல்பயஸ் மலை. (பேர்ல "தமிழ்" கேக்குதேன்னு யாரும் குமரிக்கண்டத்துக்கு கிளம்பிடாதீங்க, அது மிவோக் பழங்குடி மக்களோட மொழிலேருந்து வந்த பேரு.) அங்க கேரி பிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி, ஓட்டிஸ் கைனு ஒரு கூட்டம், நிறைய பேரு ரோட்டுல ரேஸ் ஓட்டுறவங்க, பொழுதுபோக்குக்கு 1930, 40கள்ல வந்த ஷ்வின் எக்செல்சியர் மாதிரி பலூன் டயர் வண்டிகள பழைய சாமான்லேருந்து தேடி எடுத்து, மட்கார்டு செயின் கவர் எல்லாத்தையும் கழட்டி வீசிட்டு, மலை மேல கொண்டுபோய் மண்பாதைல கீழ விட்டாங்க. ஒவ்வொண்ணும் 20 கிலோ பக்கம் இருக்கும். அந்த வண்டிக்கு அவங்க வச்ச பேரு கிளங்கர், நம்ம ஊர்ல சொன்னா லொடலொட டப்பா வண்டி, அவ்ளோதான்.

பிரேக்கு பாத்தீங்கன்னா பெடல பின்னாடி மிதிச்சா பின் சக்கரத்து ஹப்புக்குள்ளயே பிடிக்கிற வகை. ஃபேர்ஃபாக்ஸ் ஊர் பக்கத்துல ஒரு இறக்கம், ரெண்டு மைல் பக்கம், அதுக்குள்ள 1300 அடி இறங்கும். கீழ வர்றதுக்குள்ள ஹப்புல இருக்கிற கிரீஸ் எல்லாம் காய்ஞ்சு புகையா போயிடும், மறுபடி பிரிச்சு கிரீஸ் வச்சாத்தான் அடுத்த ஓட்டம். அதனாலதான் அந்தப் பாதைக்கே "ரீபேக்"னு பேரு. 1976 அக்டோபர் 21 முதல் ரேஸ். அப்புறம் நடந்த ரேஸ்கள்ல பிஷரோட நேரம் 4 நிமிஷம் 22 செகண்ட், இன்னிக்கும் அதான் ரெக்கார்டு, பிரீஸோட நேரம் அதவிட ரெண்டே செகண்ட் கூட. போன வாரம் ஒருத்தர் இந்த ரீபேக்க "மறுபொதியம்"னு போட்டிருந்தாரு. ஐயோ! நம்ம சைக்கிள் கடைல பால்ரஸ்ஸ கழட்டி மண்ணெண்ணெய்ல கழுவி புது கிரீஸ் வைக்கிறதுக்கு "ஓவராயில்"னு ஒரு வார்த்தை ஓடிட்டுதான இருக்கு, ஊர்ப்பேர மொழிபெயர்க்கணும்னு அவசியமே இல்ல, விளக்கத்துல "ஓவராயில்"னு ஒரு வார்த்தை போட்டா படிக்கிறவனுக்கு கிரீஸ் வாசனையே வந்துடும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பழைய பிரேம் இந்த அடிய தாங்கல, வளையுது, விட்டுப்போகுது, தேடினா வேற கிடைக்கிறதும் குறையுது. அப்பதான் புதுசாவே ஒண்ணு செய்யணும்னு ஆகுது. கெல்லி கேட்டதுக்கு கிரெய்க் மிட்செல் ஒரு பிரேம் செஞ்சு கொடுத்தாரு. அப்புறம் பிரீஸ் 1977லயும் 78லயுமா பத்து வண்டி செஞ்சாரு, குரோம்-மாலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்தது) ஸ்டீல் குழாய்ல, எல்லாமே புது சாமான் போட்டு. முன் கழுத்துக் குழாய்லேருந்து பின் சக்கரம் மாட்டுற இடம் வரைக்கும் ரெண்டு பக்கமும் மெல்லிசா கூடுதல் குழாய் ஓடும், போட்டோல பாத்தா உடனே அடையாளம் தெரியும். அதுல முதலாவது இப்ப வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு. 1979ல டாம் ரிட்சி. பள்ளிக்கூட வயசுலயே ரோடு ரேஸ் பிரேம் செய்ய ஆரம்பிச்ச ஆளு. அவரு செஞ்சு குவிச்சத விக்கிறதுக்குத்தான் பிஷரும் கெல்லியும் கம்பெனி போட்டாங்க, கம்பெனி பேரே மவுண்டன்பைக்ஸ். அந்தப் பேர தங்களுக்குன்னு பதிவு பண்ண பாத்தாங்க, நடக்கல, ஊருக்கே பொதுப் பேரா போயிடுச்சு.

ரிட்சி விஷயம் நம்ம கலைச்சொல்லுக்கு முக்கியம். ரோடு சைக்கிள் பிரேம்ல குழாயும் குழாயும் சேர்ற இடத்துல லக்னு ஒரு உறை இருக்கும்ல, குழாய அதுக்குள்ள சொருகி ஒட்டுவாங்க. லக் என்ன சைஸ்ல, என்ன கோணத்துல வருதோ அதுக்குள்ளதான் நீங்க விளையாட முடியும். மலைல விடுற வண்டிக்கு குழாய் தடிமனா வேணும், கோணம் வேற மாதிரி வேணும், அதுக்கு லக் கிடையாது. ரிட்சி லக்கே இல்லாம, குழாய் முனைய இன்னொரு குழாய் வளைவுக்கு சரியா உக்கார்ற மாதிரி வாய் வெட்டி, மூலைல பித்தளைய உருக்கி ஓடவிட்டு, ஆறினதும் வழவழன்னு ராவி எடுத்துடுவாரு. இரும்பு உருகாது, பித்தளை மட்டும்தான் உருகும். சின்ன வயசுல என் சைக்கிள் பார் விட்டுப்போனப்ப பட்டறைல இதத்தான் பண்ணாங்க, கம்பிய சூடு காட்டி வெங்காரத் தூள்ல தொட்டு எடுத்து வச்சதும் மஞ்சளா சர்ருனு விரிசலுக்குள்ள இறங்கும் பாருங்க, நான் மூஞ்சிய கிட்ட கொண்டுபோய் பாத்து திட்டு வாங்கினேன். அவங்க சொன்ன பேரு "பித்தளை வெல்டிங்". ரிட்சி பண்ணின நுட்பமும் அடிப்படைல அதேதான், சுத்தம்தான் வேற.

ஆக இது "உருவாக்கம்" இல்ல, "தயாரிப்பு" சத்தியமா இல்ல. தயாரிப்புன்னா 1981ல ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ரிட்சியோட வண்டிய பாத்து ஜப்பான்ல செய்யவச்சு 750 டாலருக்கு கடைல வச்ச ஸ்டம்ப்ஜம்பர், அதுக்கு அந்த வார்த்தைய வச்சுக்கோங்க. இந்த வித்தியாசம் கட்டுரைல தெரியலேன்னா கட்டுரையே வேஸ்ட்.

என் பரிந்துரை: கரூர்ல பஸ்ஸுக்கு என்ன பண்றாங்க? "பாடி கட்டுறாங்க". வீடு கட்டுறோம், படகு கட்டுறோம். அப்ப பிரேமும் கட்டலாம். *சட்டகம் கட்டுநர்*. கஸ்டமுக்கு தையல்கடைய பாருங்க, ரெடிமேட், இல்லன்னா அளவெடுத்து தைக்கிறது. *அளவுச் சட்டகம்*.

- - - - -

> அப்ப பிரேம் கட்டலாம்.

தம்பி, தனிப்பயன வாபஸ் வாங்கிக்கிறேன், பித்தளை மேட்டர்ல சாய்ச்சுட்டீங்க. ஆனா "வண்டி கட்டுறது"ன்னா எங்க காலத்துல மாட்ட பூட்டுறது. "மிதிவண்டி கட்டுநர்"னு எங்கயாவது போட்டா எதுல எத கட்டினாருன்னு கேப்பான், அதனால "சட்டகம்" கூடவே இருக்கணும், தனியா விடாதீங்க. சட்டம்னும் சுருக்காதீங்க, "சட்டம் கட்டுநர்"னா வக்கீல் வந்துடுவாரு. அளவுச் சட்டகத்துல எனக்கு ஒரு நெருடல். தையல்கடைல ஆளுக்கு அளவெடுக்கிறான். பிரீஸ் செஞ்ச பத்தும் ஒரே வரிசைல செஞ்சதுதான, அவரு அளவெடுத்தது அந்த இறக்கத்துக்கு, ஆளுக்கு இல்லயே? அப்புறம் மவுண்டன் பைக்குக்கு போட்ட "மலையேறு மிதிவண்டி"ய நம்ம கலைச்சொல் அட்டவணைலேருந்து எடுத்துடலாமா, அவங்க ஏறவே இல்லயே, இறங்கினாங்கல்ல.

- - - - -

எங்கட பக்கம் பள்ளிக்கூடத்தில துவிச்சக்கர வண்டி எண்டுதான் படிச்சனாங்கள், வாயில வாறது சைக்கிள்தான், அதால எனக்கு மலைச் சைக்கிள் எண்டாலும் பிரச்சினை இல்லை. கட்டுநர் நல்லா இருக்கு.

- - - - -

ஐயா, அளவு விஷயத்துல நீங்க சொல்றது சரிதான், நான் அவசரப்பட்டுட்டேன். கட்டுரைல பிரீஸ், ரிட்சிக்கு வெறும் "சட்டகம் கட்டுநர்" போதும், ஆளப் பாத்து செஞ்சு கொடுத்த இடத்துல மட்டும், மிட்செல் கெல்லிக்கு செஞ்ச மாதிரி, "கேட்டுக் கட்டின சட்டகம்"னு விரிச்சே எழுதிடறேன், அதுக்கு தனி கலைச்சொல் இப்ப வேணாம்.

ஏறல, இறங்கினாங்கங்கிறது பாதி உண்மை. 1974 டிசம்பர்ல மரின்ல இருக்கிற மில் வேலிங்கிற ஊர்ல நடந்த ஒரு சைக்ளோகிராஸ் ரேஸுக்கு (மண்ணு, சேறு, மேடுன்னு ஓட்டுற, தேவப்பட்டா சைக்கிள தூக்கிட்டு ஓடுற போட்டி) அதே கலிபோர்னியாவுல கூப்பர்டினோ ஊர் பக்கத்துலேருந்து சில பசங்க பலூன் டயர் வண்டில கியர் மாட்டிட்டு வந்திருந்தாங்க, கட்டை விரலால தள்ற லீவரோட. மரின் ஆளுங்க அத பாத்து வாய பிளந்துட்டாங்க. அப்புறம் இவங்களும் கியர் போட, தள்ளிட்டும் லாரில ஏத்திட்டும் போன மலைய மிதிச்சே ஏற முடிஞ்சுது. ஆனாலும் "மலையேறு"ன்னா கயிறு கட்டி ஏறுற ஞாபகம்தான் வருது, எடுத்துடுங்க. தலைப்புல "மலை மிதிவண்டி", உள்ள மலைச் சைக்கிளும் வரட்டும், தங்கச்சி சொன்ன மாதிரி.

அட்டவணைல ஏத்திட்டேன்: சட்டகம் கட்டுநர். அந்தப் பித்தளை உருக்கி ஒட்டுறதுக்கு இங்கிலீஷ்ல பிரேசிங், அத மட்டும் காலியா விட்டிருக்கேன். "பித்தளைப் பற்றவைப்பு"ன்னு எழுதினா வெல்டிங்கோட குழம்பும், அகராதில "பற்றாசு" இருக்கு, நகைப் பட்டறைல "பொடி வச்சு ஊதுறது"ம்பாங்க. யாருக்காவது வீட்டுப் பக்கத்துல நகைப் பட்டறையோ பழைய சைக்கிள் பட்டறையோ இருந்தா ஒரு எட்டு போய், அந்த மஞ்சள் கம்பிக்கு அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டு இங்க போடுங்க.