காலியத்தை எதில் வைப்பது?

கேள்வி: 50 கிராம் காலியம் (gallium) என்ற உலோகம் இருக்கிறது. கண்ணாடிக் குப்பி போதுமா, அலுமினிய டப்பா நல்லதா?

பதில் 1: இரண்டும் வேண்டாம். 29.76 டிகிரி செல்சியஸில் உருகும் காலியம், உறையும்போது தண்ணீர்போல விரியும், ஏறக்குறைய 3 சதவீதம். கண்ணாடி விரிசல் விடும். நெகிழக்கூடிய பிளாஸ்டிக் குப்பியில், மேலே கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

பதில் 2: அலுமினியத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உருகிய காலியம் அதன் படிகமணிகளுக்கு (உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்களுக்கு) இடையே ஊடுருவிவிடும். பிறகு விரலால் அழுத்தினாலே நொறுங்கும்.

கேள்வி கேட்டவர்: 25 டிகிரியிலும் திரவமாகவே நிற்கிறதே?

பதில் 1: அது மீக்குளிர்வு, அதாவது உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே இருப்பது. திடக் காலியத் துணுக்கு ஒன்றைப் போடுங்கள், உறையத் தொடங்கும்.

பதில் 3: இதன் வரலாறும் அருமையானது. 1875இல் இதைக் கண்டுபிடித்த பிரெஞ்சு வேதியியலாளர் புவாபோத்ரான் அடர்த்தியை கன சென்டிமீட்டருக்கு 4.7 கிராம் என்று அளந்தார். தனிமத்தைப் பார்க்காமலேயே முன்கணித்திருந்த, தனிம அட்டவணையை உருவாக்கிய மெண்டலீவ், 5.9 வர வேண்டும் என்றார். தூய்மைப்படுத்தி மறுபடி அளந்தபோது 5.9தான் வந்தது.