நெட்லிங்க் சாக்கெட்: லிங்க் விழும்போது ஐபிவி4 ரூட் நீங்கிய செய்தி ஏன் வரவில்லை?

கானாடுகாத்தான்_வலை:
அண்ணன்மாருக்கு வணக்கம். கானாடுகாத்தானில் தங்கும் விடுதியாக்கிய ஒரு பெரிய வீட்டின் நெட்வொர்க் என் பொறுப்பில் இருக்கிறது. முகப்பில் ஃபைபர் பெட்டி. அந்தச் சுவர்களைத் தாண்டி மொபைல் சிக்னல் வராது, அதனால் 4ஜி மோடத்தை மாடியில் வைத்துக் கேபிள் இழுத்திருக்கிறேன். இரண்டும் வந்து சேர்வது இரண்டாம் கட்டில் உள்ள சின்ன லினக்ஸ் கணினியில். ஃபைபர் வழிக்கு மெட்ரிக் (குறைந்த எண்ணுக்கே முன்னுரிமை) 100, 4ஜிக்கு 200. நெட்வொர்க் மேனேஜர் கிடையாது, முகவரியெல்லாம் ஸ்டாட்டிக்.

டீஃபால்ட் ரூட் (வெளியே இணையத்துக்குப் போகும் வழி) மாறிய நொடியே பில்லிங் டனலை மறுபடி எழுப்ப சி-யில் ஒரு நிரல் எழுதுகிறேன். நெட்வொர்க்கில் மாற்றம் நடந்தால் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) நிரலுக்குச் செய்தி சொல்லும் வழிதான் நெட்லிங்க்: ஏஎஃப்_நெட்லிங்க் சாக்கெட், புரோட்டோகால் நெட்லிங்க்_ரூட், பைண்டில் ஆர்டிஎம்ஜிஆர்பி_ஐபிவி4_ரூட் குரூப். 'ஐபி ரூட் டெல்' கொடுத்தால் ஆர்டிஎம்_டெல்ரூட் (ரூட் நீங்கிய செய்தி) ஒழுங்காக வருகிறது. ஃபைபர் இன்டர்ஃபேஸை 'ஐபி லிங்க் செட் டவுன்' என்று இறக்கினால் ஒரு செய்தியும் இல்லை. ரூட் டேபிளில் போய்ப் பார்த்தால் அந்த ரூட் காணோம்! விருந்தினர்கள் அறையைக் காலி செய்யும் காலை நேரத்தில் பில் நின்றால் ஆச்சிதான் முகப்பில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. டேபிளை ஐந்து நொடிக்கொரு தரம் படித்துக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. வேறு வழி உண்டா?

செக்காலை_ரோடு:
தம்பி, உங்கள் நிரலில் குறை இல்லை. கெர்னல் அப்படித்தான். இன்டர்ஃபேஸ் கீழே போகும்போது அதன் வழியான ஐபிவி4 ரூட்களை அது சத்தமில்லாமல் துடைத்துவிடும், ஒவ்வொன்றுக்கும் டெல்ரூட் அனுப்பாது. ஐபிவி6-இல் இயல்பாகவே அனுப்பும். அதனால் ஆர்டிஎம்ஜிஆர்பி_லிங்க் குரூப்பையும் சேர்த்துக் கேளுங்கள். ஆர்டிஎம்_நியூலிங்க் (லிங்க் நிலை மாறிய செய்தி) வரும். அதில் ஐஎஃப்எஃப்_அப் கொடி (இன்டர்ஃபேஸ் மேலே இருக்கிறது என்ற அடையாளம்) இறங்கியிருந்தால் அந்த வழி ரூட்கள் போய்விட்டன என்று வைத்துக்கொள்ளலாம்.

கேபிளைப் பிடுங்கினாலோ கரண்ட் போய் ஃபைபர் பெட்டி அணைந்தாலோ கதை வேறு. அப்போது ஐஎஃப்எஃப்_அப் அப்படியே இருக்கும், ஐஎஃப்எஃப்_ரன்னிங் (லிங்க் உயிரோடு இருக்கிறது என்ற கொடி) மட்டும் இறங்கும். ரூட்டும் டேபிளிலேயே 'லிங்க்டவுன்' அடையாளத்தோடு உட்கார்ந்திருக்கும். அதைவிட மோசம், கெர்னல் அந்த ரூட்டையே தொடர்ந்து பயன்படுத்தும். இக்னோர்_ரூட்ஸ்_வித்_லிங்க்டவுன் என்ற சிஸ்கன்ட்ரோலை (கெர்னல் அமைப்பை) 1 ஆக்கினால்தான் 200 மெட்ரிக் வழிக்குத் தாவும். உங்கள் வீட்டில் இதுதான் அடிக்கடி நடக்கும் என்று நினைக்கிறேன், முதலில் இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நெட்லிங்க் செய்தி கட்டாயம் வந்து சேரும் என்ற உத்தரவாதம் இல்லை. பஃபர் நிரம்பினால் ரிசீவ் அழைப்பு ஈநோபஃப்ஸ் பிழை தரும், நடுவில் எது தொலைந்தது என்று தெரியாது. அந்தப் பிழை வந்தால் ஆர்டிஎம்_கெட்ரூட்டை டம்ப் கொடியோடு அனுப்பி முழு டேபிளையும் மறுபடி வாங்குங்கள். தொடங்கும்போதும் முதலில் பைண்ட், பிறகு டம்ப். மாற்றிச் செய்தால் இடைப்பட்ட மாற்றம் நழுவிவிடும். டம்புக்குத் தனி சாக்கெட் வைத்தால் பதிலும் அறிவிப்பும் கலக்காது.

நான் என்றால் செய்தியின் உள்ளடக்கத்தை நம்பி நிலையைத் துண்டு துண்டாகத் திருத்திக்கொண்டே போக மாட்டேன். எந்தச் செய்தி வந்தாலும் 200 மில்லிநொடி பொறுத்து, டம்ப் எடுத்து, மெயின் டேபிளில் (254) ஆர்டிஎம்_டிஎஸ்டி_லென் பூஜ்யமாக உள்ளவற்றில் (அதாவது டீஃபால்ட் ரூட்களில்) குறைந்த மெட்ரிக் எது, அதன் லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பேன். வரிகள் குறையும், பிழைக்கும் இடம் குறையும்.

தேவகோட்டை_ரஸ்தா:
செக்காலை அண்ணன் சொன்னதோடு ஒன்று. ரோடு போட வந்த பொக்லைன் தெருவில் ஃபைபரை அறுத்துவிட்டால், வீட்டுக்குள் பெட்டி எரிந்துகொண்டுதான் இருக்கும், ஈதர்நெட் லிங்கும் மேலேயே இருக்கும். கெர்னலுக்கு எதுவும் தெரியாது, நெட்லிங்கும் வாய் திறக்காது. எங்கள் பக்கம் லிங்க் விழுவதைவிட இதுதான் அதிகம். எஸ்ஓ_பைண்ட்டுடிவைஸ் வைத்து ஃபைபர் வழியாகவே வெளியே ஒரு முகவரிக்குப் பிங் அனுப்பும் சோதனை தனியாக வேண்டும்.

கானாடுகாத்தான்_வலை:
இருவருக்கும் மிக்க நன்றி அண்ணே. லிங்க் குரூப் சேர்த்ததும் நியூலிங்க் வந்துவிட்டது. சிஸ்கன்ட்ரோலை மாற்றிக் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன், டனல் 4ஜியில் எழுந்தது. பிங் சோதனையை இனிமேல்தான் எழுத வேண்டும். ஒரு சந்தேகம்: கேட்கும் நிரலை நிர்வாகிப் பயனராகத்தான் (root) ஓட்ட வேண்டுமா?

செக்காலை_ரோடு:
வேண்டாம். இந்தக் குரூப்களைக் கேட்கவும் டம்ப் எடுக்கவும் சாதாரணப் பயனரே போதும். ரூட்டை மாற்றவும், எஸ்ஓ_ஆர்சிவிபஃப்ஃபோர்ஸ் கொண்டு பஃபரை வரம்புக்கு மேல் பெரிதாக்கவும் மட்டும்தான் கேப்_நெட்_அட்மின் உரிமை தேவை.