கொழுந்தன் டிராக்டருக்கு அண்ணி என்ன செய்வாள்?

செல்லம்பட்டி குழு:
உசிலம்பட்டி பக்கம் ஒரு வீடு. ஒரே ரேஷன் கார்டில் மாமியார், கொழுந்தன், அவர் மனைவி, மூத்த மருமகள், அவளுடைய 2 பிள்ளைகள். புருஷன் விட்டுவிட்டுப் போய் 3 வருடம். அவள் பின்கட்டில் தனியாகத்தான் பொங்குகிறாள். நூறு நாள் வேலையும் களையெடுப்பும்தான் வருமானம். கொழுந்தன் பெயரில் கடனில் எடுத்த டிராக்டர் இருப்பதால் மகளிர் உரிமைத் தொகை நிராகரிப்பு. மேல்முறையீடும் தள்ளுபடி. கைவிடப்பட்ட பெண்களுக்கான பென்ஷன் மனுவை தாலுகா ஆபீஸில் வாங்கவே இல்லை. இது நியாயமா? எதிலிருந்து தொடங்குவது?

வைகைத் தென்கரை:
விதிப்படி சரி, நியாயப்படி தப்பு. 2023-ல் போட்ட விதியில் குடும்பம் என்றால் கார்டு. ஆண்டு வருமானம் 2.5 லட்சம், நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர், மின்சாரம் 3,600 யூனிட் என்று எல்லா வரம்பையும் கார்டில் உள்ள அத்தனை பேரையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். டிராக்டரும் காரும் ஒரே வரியில் வருகின்றன. தவணை கட்ட முடியாமல் நிற்கிற டிராக்டரா, ஓடுகிற டிராக்டரா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கோட்டாட்சியரிடம் போன மேல்முறையீட்டிலும் அதே பதிவைத்தான் திரும்பப் பார்த்திருப்பார்கள். கார்டைப் பிரிக்காமல் மறுபடி எத்தனை மனு போட்டாலும் இதே பதில்தான்.

பழைய சப்ளை கிளார்க்:
பிரிக்கச் சொல்வது சுலபம் தம்பி, சிக்கலே அங்கேதான். பழைய கார்டில் பெயர் இருக்கும்வரை புதுக் கார்டு மனுவை ஆதார் எண்ணே தடுத்துவிடும். பெயர் நீக்க ஆன்லைனில் போனால் ஓடிபி பழைய கார்டில் பதிந்த செல்லுக்குப் போகும். அந்த செல் கொழுந்தன் கையில் இருந்தால்? இன்னொன்று: பெயரை நீக்கிவிட்டுப் புதுக் கார்டு வரும்வரை அரிசி கிடையாது. 2 பிள்ளைகளோடு அந்த மாதங்களை எப்படி ஓட்டுவது என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆதாரில் கதவு எண் மாற வேண்டுமானால் அதை முதலில் முடியுங்கள். தனி கேஸ் இணைப்பு இருந்தால் அந்த புத்தகம் பெரிய பலம். விசாரணைக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது தனி அடுப்பைத்தான். பிறகு மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் ரேஷன் குறைதீர் முகாமில் வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். கணவர் கைவிட்ட பெண்ணிடம் விவாகரத்துத் தீர்ப்பு கேட்காமல், நேரில் விசாரித்துப் பெயரை நீக்கித் தனிக் கார்டு தரலாம் என்று 2021-லேயே துறை சொல்லிவிட்டது. கவுண்டரில் இருக்கிறவருக்குத் தெரியாதது போல இருக்கும். மனுவில் நீங்களே அதை எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். பிள்ளைகள் பெயரையும் அதே மனுவில் சேர்த்துக் கேளுங்கள். விட்டுப்போனால் அதற்குத் தனியாக அலைய வேண்டும். வறுமை நிலையைக் காட்டி, பரம ஏழைகளுக்கான அந்தியோதயா வகைக் கார்டையும் கேட்டு வையுங்கள். கிடைத்தால் மாதம் 35 கிலோ அரிசி.

தல்லாகுளம் வக்கீல் குமாஸ்தா:
பென்ஷனில் தாலுகா ஆபீஸ் செய்தது பாதி சரி. 30 வயது ஆகியிருக்க வேண்டும். பிரிந்து 5 வருடம் ஆகியிருக்க வேண்டும், அல்லது சட்டப்படி பிரிந்ததற்கான சான்று வேண்டும். 3 வருடம் போதாது. ஆனால் மனுவை வாங்கவே மாட்டேன் என்பது தப்பு. வாங்கிக்கொண்டு காரணம் எழுதி நிராகரித்தால்தானே மேலே போக முடியும்? திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும்.

5 வருடம் காத்திருக்க முடியாது என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு. 1987 சட்டத்தின் 12-வது பிரிவில் பெண்ணுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு; போன் 15100. ஜீவனாம்ச வழக்கும் அங்கிருந்தே போடலாம். அந்த உத்தரவு கையில் இருந்தால் பிரிந்திருப்பதைக் காட்ட அது நல்ல ஆதாரம்.

செல்லம்பட்டி குழு:
ரொம்ப நன்றிங்க. மாமியாருக்கு முதியோர் பென்ஷன் வருகிறது. அது இவளுடைய உரிமைத் தொகைக்குத் தடையா?

வைகைத் தென்கரை:
இல்லை. முதலில் தடையாக வைத்திருந்து 2023 ஆகஸ்டிலேயே தளர்த்திவிட்டார்கள். அந்த வீட்டில் தகுதியுள்ள வேறு பெண் விண்ணப்பிக்கலாம். ஆனால் இவளுக்கே பின்னால் பென்ஷன் 1,200 வந்தால் உரிமைத் தொகை 1,000 நின்றுபோகும், இரண்டும் சேராது.

கரண்ட் மீட்டரையும் பாருங்கள், இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். முன்கட்டும் பின்கட்டும் ஒரே இணைப்பு என்றால், இரண்டு மாத பில் சராசரியாக 600 யூனிட்டைத் தொட்டாலே வருடத்துக்கு 3,600. கார்டு பிரிந்த பிறகும் அவள் ஆதார் அந்த இணைப்போடு சேர்ந்திருந்தால் அடுத்த நிராகரிப்பு 'மின் பயன்பாடு' என்று வரும். ஆதார் எந்த பேங்க் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பதையும் பேங்கிலேயே கேட்டுவிடுங்கள். குறைந்தபட்ச இருப்பு கேட்கிற கணக்கு என்றால் வருகிற ஆயிரத்தில் முதல் பிடித்தம் அபராதத்துக்குப் போய்விடும். ஜீரோ பேலன்ஸ் கணக்காக மாற்றச் சொல்லுங்கள்.